கன்றுக்குட்டியை யாரும் மிதிக்கவில்லை

ஆந்திர எல்லை ஊரான நகரியில் தேவசேனா வீடு எது என்று கேட்டால் நாலு தேவசேனாக்களைக் காட்டுவார்கள். டிசைன் தேவசேனா என்று கேட்டால்தான் சரியான வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். வயது முப்பத்தொன்பது. வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன் வீட்டிலேயே நாலு பவர்லூம் ஓட்டுகிறார். இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவளுக்குக் குரல் பெரிசாகிவிட்டது. அவள் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டில் 'அப்படியா' என்று பதில் வரும்.

அவள் வேலை சேலைக் கரை வரைவது. கரையில் வரிசையாக ஓடுகிற அன்னம், கிளி, யானை எல்லாம் முதலில் கட்டம் கட்டமாக வரையப்பட வேண்டும். ஒரு கட்டம் ஒரு இழை. பதினெட்டு வயதில் தன் நைனாவிடம் கிராஃப் தாளில் கற்றுக்கொண்டாள், பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினாள். அவள் வரைந்த கரையைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் எத்தனையோ கல்யாணங்களில் பந்திக்கு முந்தியிருப்பார்கள். யார் வரைந்தது என்று ஒருத்திக்கும் தெரியாது. கடைக்காரர் வந்து நின்றுகொண்டு, 'அன்னத்துக்கு வாலை வெட்டும்மா, மயிலுக்குக் கழுத்தைக் குறை' என்பார். அவளும் வெட்டுவாள், குறைப்பாள். சேலை கடையின் பெயரில் விற்கும். இதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுதாள் என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் வாலை வெட்டும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

திருப்பதியில் காலேஜ் படிக்கிற மகள் தேன்மொழிதான் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு போன் பண்ணினாள். ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனிக்கு, கட்டம் கட்டமாகப் படம் வரையத் தெரிந்த ஆள் வேண்டுமாம்.

"யம்மா, நீ வரையற அதே கட்டந்தான். அங்க அதுக்கு பிக்சல்னு பேரு. போய்தான் பாரேன்."

போனாள். கம்பெனி என்றால் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு அறை, இரண்டே பேர். முதலாளி பிரித்திகா, சித்தூர்ப் பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை. புரோகிராம் எழுதுகிறவன் சலீம், திருப்பதிக்காரன்.

"கேம் ஆடியிருக்கீங்களாக்கா?" என்று பிரித்திகா கேட்டாள்.

"இல்ல மேடம். ஆடறவங்கள திட்டியிருக்கேன்" என்றாள் தேவசேனா.

வேலை கிடைத்துவிட்டது. வாரத்தில் நாலு நாள் காலை ரயிலில் திருப்பதி, மாலை ரயிலில் வீடு. மீதி நாள் சேலைக் கரை. முனிகிருஷ்ணன் முதலில், "இந்த வயசுல போய் பொம்ம போட்டுக்கினு கீறியே" என்று சிரித்தார். பிறகு காலைச் சமையலில் பாதியை அவரே பார்த்துக்கொண்டார். அந்த மட்டில் அவர் நல்ல மனுஷன்.

அவர்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டு இதுதான். மீசை வைத்த ஒரு கூரியர்காரர் தோளில் பார்சலோடு ஒரு மலைமேல் ஏறவேண்டும். படிப்படியாகப் பாறைகள், நடுநடுவே பள்ளங்கள். தாவித் தாவிப் போகவேண்டும். மொத்தம் எட்டுக் கட்டம், கேம் பாஷையில் எட்டு லெவல். வழியெல்லாம் தேள், காட்டுப்பன்றி, குளவி. பட்டால் கூரியர்காரர் போய்ச் சேர்ந்துவிடுவார், மறுபடி அந்தக் கட்டத்தின் முதலிலிருந்து வரவேண்டும். இத்தனை கொலைகாரப் பிராணிகளையும் வரைந்தது தேவசேனாதான். வரைந்து வரைந்து அவளுக்கே அலுத்துப்போனது. ஒருநாள் சும்மா கையை ஆற்றிக்கொள்ள ஒரு கன்றுக்குட்டியை வரைந்தாள். செங்காவி நிறம், பெரிய காது, முன்னங்காலைத் தூக்கி ஒரு துள்ளல்.

சேலை வரைந்த கைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே நிறம் நீளமாகப் போனால் அங்கே இழை பிடிப்பில்லாமல் தொங்கும், வளையல் மாட்டினால் அறுந்துபோகும். அதனால் நடுநடுவே வேறு நிறத்தில் ஒரு புள்ளி வைத்து இழையைக் கட்டவேண்டும். கம்ப்யூட்டர் திரையில் தொங்குவதற்கு இழையும் இல்லை, மாட்டுவதற்கு வளையலும் இல்லை. இருந்தாலும் கை கேட்குமா? கன்றின் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டாள். அம்மை போட்ட கன்று மாதிரி ஆகிவிட்டதே என்று அழிக்கப் போனவளைப் பிரித்திகா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அய்யோ, அழிச்சிடாதீங்கக்கா. இதுதான் அழகே!"

இருபது வருஷத்தில் அவள் வரைந்ததைப் பார்த்து, வெட்டாதே, குறைக்காதே என்று ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழே பேக்கரிக்குப் போய் மூன்று பேருக்கும் பப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள்.

சேலையின் உடம்பில் அங்கங்கே தெளித்தாற்போல வரும் சின்ன உருவத்துக்குப் புட்டா என்று பெயர். பழக்கதோஷத்தில் அந்தப் படத்தைப் 'புட்டா' என்று பெயர் வைத்துச் சேமித்திருந்தாள். சலீம் அதுதான் கன்றின் பெயர் என்று நினைத்துக்கொண்டு புட்டா, புட்டா என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

புட்டாவுக்கு ஒரு வேலை கொடுத்தவனும் சலீம்தான். மூன்றாவது கட்டத்தில் ஒரு உயரமான பாறை உண்டு. கூரியர்காரர் என்ன தாவினாலும் எட்டாது. அதன் அடியில் புட்டாவை நிறுத்தி, அதன் முதுகில் குதித்தால் 'போயிங்' என்று மேலே தூக்கியடிக்கும்படி செய்தான். புட்டா கடிக்காது, கொட்டாது, முட்டாது. அந்த மலையிலேயே தீங்கில்லாத ஒரே ஜீவன் அதுதான். தேவசேனா அது துள்ளுவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். ரயிலில் பக்கத்துச் சீட்டு அம்மாவுக்கெல்லாம் போனில் காட்டினாள்.

சலீம் ஒருமுறை தலையைச் சொறிந்துகொண்டு கேட்கத்தான் செய்தான்.

"அக்கா, எங்க வீட்லயே ரெண்டு பசு கீது. கன்னுக்குட்டிய மிதிக்கிற மாதிரி வருதே, பரவால்லியா?"

"அடப் போப்பா, அது பொம்மதான" என்றாள் தேவசேனா. இந்த ஒரு வார்த்தையைப் பின்னால் அவள் எத்தனை தடவை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாளோ தெரியாது.

சித்தூரில் ஒரு காலேஜ் மைதானத்தில் மூன்று நாள் கண்காட்சி வந்தது. பிரித்திகா அதில் ஒரு ஸ்டால் எடுத்தாள். திங்கட்கிழமை விளையாட்டைப் பெங்களூருக்கு, அதை வெளியிடப்போகும் கம்பெனிக்கு அனுப்பவேண்டும். அதற்கு முன் ஜனங்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். மேசைமேல் விரலால் தொட்டு ஆடுகிற நாலு டேப் வைத்து, தேவசேனாவை வாசலில் நிறுத்தினார்கள். அவள் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கூட்டம். காணிப்பாக்கம் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் குங்குமத்தோடு வந்த குடும்பங்கள், காலேஜ் பிள்ளைகள், கேட் டியூட்டிக்கு வந்த கான்ஸ்டபிள் நாகபூஷணம்வரை எல்லாரும் ஆடினார்கள். தேளைத் தாண்டினார்கள், பன்றிக்குத் தப்பினார்கள். மூன்றாவது கட்டத்தில் புட்டாவுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்கள்.

முதலில் ஒரு சின்னப் பெண். கூரியர்காரரைப் புட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து கேட்டாள்.

"ஆன்ட்டி, ஷூவ கழட்ட எந்த பட்டன்?"

"எதுக்கும்மா?"

"கன்னுக்குட்டி மேல ஷூ காலோட ஏறலாமா? சாமி கண்ண குத்தும்."

தேவசேனாவுக்குச் சுரீரென்றது. அடுத்தவன் காலேஜ் பையன், இதெல்லாம் பார்க்க மாட்டான் என்று நினைத்தாள். அவன் தெரியாத்தனமாகக் குதித்துவிட்டு, டேப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டான். நாகபூஷணமோ பிடிவாதக்காரர். புட்டாவை மிதிக்காமலே அந்தப் பாறையில் ஏறியே தீருவது என்று தாவித் தாவிப் பள்ளத்தில் விழுந்து முப்பது தடவையாவது செத்திருப்பார். தெலுங்கும் தமிழும் கலந்துதான் அவருக்குப் பேச்சு.

"அது மேல குதிங்க சார், அதுவே தூக்கி விடும்" என்று தேவசேனா சொல்லிப் பார்த்தாள்.

"தூடம்மா அது, தூட! கன்னுக்குட்டிய யாருனா மிதிப்பாங்களா? எந்த ஊரும்மா உனுக்கு?"

"நகரி சார்."

"நகரில பொறந்துட்டு இப்டி ஒரு ஆட்டம் செஞ்சி வெச்சிக்கினு கீறியே" என்று சொல்லிவிட்டு அவர் டியூட்டிக்குப் போய்விட்டார்.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் தவறிக் காகிதத்தில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் அவள். கன்றை மிதிக்கும் ஆட்டத்தை மாதக்கணக்கில் பார்த்துக் கைகொட்டிச் சிரித்திருக்கிறாள். பிரித்திகாவுக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒரே ஆள் சலீம், அவன் வாயையும் இவளே அடைத்துவிட்டாள்.

சாயங்காலம் பிரித்திகா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கோபமெல்லாம் இல்லை, களைப்புதான்.

"அக்கா, நாளைக்கும் நாளான்னைக்கும் பாக்கலாம். புட்டாவ தாண்டி ஆளுங்க போகலன்னா அத எடுத்துட்டு அங்க ஒரு தவள வெச்சிடுவோம். தப்பா எடுத்துக்காதீங்க. மூணாவது கட்டத்துலயே எல்லாரும் நின்னுட்டா பெங்களூர்ல கேமையே வேணான்னுடுவாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் தேவசேனாவுக்குக் கஷ்டமாக இருந்தது. கடைக்காரர் வாலை வெட்டச் சொன்னபோது மனசுக்குள்ளாவது அவரைத் திட்ட முடிந்தது. இந்தப் பெண்ணைத் திட்டவும் மனம் வரவில்லை. நகரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. புட்டா வேண்டும், அது போகக்கூடாது என்று ஒரே நினைப்பாக இருந்தது. கல்யாணத்துக்குச் சேலை கேட்டு அழுத நாளுக்குப் பிறகு அவள் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

சனிக்கிழமை இரண்டு வைத்தியம் செய்து பார்த்தார்கள். காலையில் கூரியர்காரரின் ஷூவைக் கழற்றி வெறுங்காலோடு விட்டார்கள். ஜனங்கள் அதற்கும் மசியவில்லை. பிறகு புட்டாவின் முதுகில் ஒரு மெத்தையைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு அம்மாள், "பாவம், கன்னுக்குப் போய் சும கட்டிட்டாங்களே" என்று உச்சுக்கொட்டினாள். மத்தியானம் பிரித்திகா ஒரு டேப்பில் மட்டும் தவளையை வைத்தாள். தவளையை எல்லாரும் மிதித்தார்கள். யாரும் அதை இரண்டாம் தடவை பார்க்கவில்லை. மிதித்தார்கள், மேலே போனார்கள், நாலாவது கட்டம், ஐந்தாவது கட்டம் என்று ஆட்டம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

"ஓடுதுக்கா" என்றாள் பிரித்திகா மெதுவாக.

"ஓடுது மேடம்" என்றாள் தேவசேனா. தவளையையும் அவள்தான் வரைந்திருந்தாள். அதன்மேல் அவளுக்கு ஒரு பாசமும் வரவில்லை, பாவம் அந்தத் தவளை.

ஸ்டாலை மூடும் நேரத்தில் டேப்புகளைத் துடைப்பது அவள் வேலை. துணியை எடுத்துக்கொண்டு முதல் டேப்பைச் சாய்த்தாள். வெயில் சாய்ந்து விழுந்ததில் கண்ணாடிமேல் விரல் தடங்கள் பளிச்சென்று தெரிந்தன. பட்டன்கள் இருக்கும் இரண்டு மூலைகளிலும் தடம் இருப்பது சரி. நடுவில் ஒரு இடத்தில் ஏன் இத்தனை பிசுக்கு? இரண்டாவது டேப்பைப் பார்த்தாள், மூன்றாவதைப் பார்த்தாள். மூன்றிலும் அதே இடம். மத்தியானம் தவளை வைத்தபோது துடைத்திருந்த நாலாவதில் மட்டும் காணோம்.

ஒரு டேப்பை எழுப்பி மூன்றாவது கட்டத்துக்குக் கொண்டுவந்தாள். அந்தப் பிசுக்கு நேராகப் புட்டாவின் கழுத்தடியில் விழுந்தது.

ஜனங்கள் புட்டாவைத் தடவிக் கொடுத்திருக்கிறார்கள். மிதிக்க மனமில்லாமல் நின்ற நேரத்தில், கன்றுக்குட்டியைக் கண்டால் கை எங்கே போகுமோ அங்கே போயிருக்கிறது. கழுத்துக்கடியில் சொறிந்தால் கன்று தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், விட்டால் குஷியில் துள்ளும். அது யாருக்குத்தான் தெரியாது?  துணியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்.

"சலீமு! இங்க ஓடியா! யாரும் தொடைக்காதீங்க!"

பக்கத்து ஸ்டால் அப்பளக்காரர்கூட எழுந்து வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கேட் திறக்க இரண்டு மணி நேரம் முன்பே சலீம் வந்து உட்கார்ந்துகொண்டான். மிதிப்பதை எடுத்துவிட்டான். புட்டாவின் கழுத்தடியில் விரலால் தடவினால் அது கண்ணை மூடிக்கொள்ளும், வாலை ஆட்டும், அப்புறம் ஒரே துள்ளாகத் துள்ளிக் கூரியர்காரரைத் தலையால் ஏந்தி மேலே அனுப்பும். கண்ணை மூடுகிற படத்தைத் தேவசேனா பக்கத்தில் நின்றபடியே வரைந்து கொடுத்தாள். இட்லி வாங்கி வைத்தது ஆறிப்போனது, யாரும் தின்னவில்லை.

கேட் திறந்தது. யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கக்கூடாது என்று பிரித்திகா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தேவசேனா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், நிஜமாகவே கையால் பொத்திக்கொண்டு. முதல் ஆள் புட்டா முன் நின்றான். தயங்கினான். விரல் தானாகப் போனது. புட்டா கண்ணை மூடியது. அவன், "ஏய், மூடுதுடா!" என்று கூவிய கூவலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அதற்கப்புறம் ஸ்டாலில் நிற்க இடமில்லை.

ஆனால் சந்தோஷம் மத்தியானத்தோடு நின்றது. பிரித்திகா நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தாள். பாறைமேல் எல்லாரும் ஏறினார்கள், சரி. ஏறியவர்களில் பாதிப் பேர்கூட நாலாவது கட்டத்துக்குப் போகவில்லை. மேலே நின்று கீழே பார்த்துவிட்டுத் திரும்பக் குதித்தார்கள். குதித்து, மறுபடி தடவினார்கள். ஆட்டம் நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நின்றது, என்ன, இன்று சிரித்துக்கொண்டு நின்றது.

பிரித்திகா லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் தவளை வந்து உட்கார்ந்தது. தேவசேனா அதைப் பார்த்தாள்.

அந்த நேரம் நாகபூஷணம் வந்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, முப்பது தடவை செத்த அதே டேப்பை எடுத்துக்கொண்டார். புட்டா கண்ணை மூடியதும் அவருடைய பெரிய மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்தது. கூரியர்காரர் ஜம்மென்று பாறைமேல் போய் நின்றார். வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அவர் மேலே நின்றார், கீழே பார்த்தார். புட்டா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. அவர் கீழே குதித்துவிட்டார்.

பிரித்திகா தானே எழுந்து வந்தாள். "ஏன் சார் எறங்கிட்டீங்க? அந்தப் பக்கம்தான் வழி."

"வழி தெரியுதும்மா. தூட கீழயே நின்னுக்கினு பாக்குது. சுத்தி அவ்ளோ தேளு. இத்த தனியா உட்டுட்டு நா மட்டும் எப்டி போறது?"

பிரித்திகா புட்டாவைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள்.

"சலீம், புட்டாவும் பின்னாலயே ஏறி வர்ற மாதிரி பண்ண முடியுமா? கடைசி கட்டம் வரைக்கும்?"

"ஏத்தி உட்றது ஒண்ணுமில்ல மேடம். ரெண்டு வாரம் டைம் குடுங்க." அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா வழியில பன்னி கீது, குளவி கீது. அதுங்க பட்டா புட்டாவும் சாவணுமே. கேம்ல எல்லாத்துக்கும் அதுதான ரூலு?"

 நாகபூஷணம் டேப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிரித்திகா திரும்பித் தேவசேனாவைப் பார்த்தாள்.

"புட்டா உங்களதுக்கா. நீங்க சொல்லுங்க."

இப்படி ஒருவர் தன்னிடம் கேட்பார் என்று தேவசேனா எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள், வந்தது அவளுடைய வழக்கமான பெரிய குரல்தான். மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்டிருக்கும்.

"இதுங்க செத்து விழற படத்தயெல்லாம் வரஞ்சது யாரு? நாந்தான? தேளுக்கு வரஞ்சேன், பன்னிக்கு வரஞ்சேன், அந்தக் கூரியர்காரனுக்கும் வரஞ்சேன். புட்டாவுக்கு வரைய மாட்டேன். எத்தினி வருஷம் ஆனாலும் வரைய மாட்டேன்."

சலீம் ஒரு கணம் யோசித்தான். பிறகு இரண்டு கையையும் விரித்தான்.

"அப்ப முடிஞ்சிது மேடம். படம் இல்லாம நா எப்டி சாவடிக்கிறது? பொழச்சிப் போவட்டும்."

பிரித்திகா சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடிவிட்டு, பெங்களூருக்குப் போன் போட்டு இரண்டு வாரம் தவணை கேட்க வெளியே போனாள். நாகபூஷணம் டேப்பைக் கீழே வைக்காமல் மறுபடி புட்டாவின் கழுத்தடியில் சொறிய ஆரம்பித்தார். தேவசேனா ஆறிப்போன இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தாள். இன்னும் ஐந்து கட்டத்துக்கும் கன்று நடக்கிற நடையை வரையவேண்டும். அவளுக்கு நல்ல பசி.